கஞ்சி போட்ட போர்வை

"சுகந்தி, கொஞ்சம் வீட்டுக்கு வா. யாருகிட்டயும் சொல்லாத…"

போன மாதம் ஒரு காலை. சட்னிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் எதிர்வீட்டு விஜயா நிற்கிறாள். முகத்தில் ஈயாடவில்லை.

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒருத்தி வந்து 'யாரிடமும் சொல்லாதே' என்றால் விஷயம் நகையாக இருக்கும். இல்லை, வீட்டில் யாரோ யாரையோ காதலிப்பதாக இருக்கும். விஜயாவுக்கு ஒரே பையன். அவன் காதலித்தவளையே கட்டிக்கொண்டு பெங்களூரில் செட்டிலாகிவிட்டான். அப்படியென்றால் நகைதான்! மிக்ஸியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

பீரோ திறந்து கிடந்தது. நகைப்பெட்டி வைத்த இடத்தில் இருந்தது. கட்டில் மேல், பிரித்துப் போட்ட பாலிதீன் கவர்களுக்கு நடுவே, ஒரு போர்வை.

"போர்வையா? இதுக்கா என்னை இப்படி ஓட வச்ச?"

"சனிக்கிழம மலரு வர்றா" என்றாள் விஜயா. அவ்வளவுதான் சொன்னாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு விஷயத்தின் கனம் புரிந்தது. உங்களுக்கும் புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பயப்படாதீர்கள், ரொம்ப தூரம் இல்லை.

விஜயாவின் அப்பா இங்கே ஒரு மில்லில் வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆன பிறகு சும்மா இருக்க அவருக்குக் கை வரவில்லை. வீட்டில் சேர்ந்து கிடந்த மில் துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்தார். உள்ளே தன் பழைய வேட்டிகளை அடுக்கினார். ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கையாலேயே தைத்து, இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கொரு போர்வை கொடுத்தார். ஒயிட் டவுன் கடைகளில் 'குவில்ட்' என்று கண்ணாடிக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார்களே, அந்த ரகம்தான். இரண்டுக்கும் ஒரே துணி, ஒரே நூல், ஒரே கை. தைத்து முடித்த கொஞ்ச நாளில் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இளையவள் மலரைக் கட்டியவர் சொல்தா வீட்டுப் பிள்ளை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணமான கையோடு மலர் பிரான்சுக்குக் கிளம்பினாள். பெட்டியில் இடமில்லை. "அக்கா, என் போர்வைய நீ பத்திரமா வச்சிரு. அப்பறமா எடுத்துக்கறேன்" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு ஊருக்கு வந்தபோதெல்லாம் "போர்வ இருக்கா?" என்பாள். "பத்திரமா இருக்கு" என்பாள் இவள். இரண்டு பேரும் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. இப்போது மலரின் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. "இந்தத் தடவ எடுத்துட்டுப் போறேன்க்கா. பாப்பா நம்ம அப்பா தச்சதுலதான் படுக்கணும்" என்று போனில் சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் விஜயா அன்றைக்கு பீரோவைத் திறந்தாள்.

பத்திரமாக வைத்திருந்தாள் என்பதில் சந்தேகமே வேண்டாம். வைத்திருந்த லட்சணத்தைக் கேளுங்கள்.

மலர் விமானம் ஏறிய மறுநாளே அதைத் துவைத்து, கெட்டியாக வடித்த கஞ்சியில் முக்கி எடுத்திருக்கிறாள். போர்வைக்குக் கஞ்சி! எங்கள் வீட்டுக்காரரின் வேட்டிக்கு நான் போடுவேனே, அந்தக் கஞ்சி. காய்ந்ததும் அது பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதைத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்து, அந்த மனுஷன் புலம்பப் புலம்ப, மடிப்பு மடிப்பாக அழுத்தித் தேய்த்து வாங்கினாளாம். ஒரு பாலிதீன் கவர். அதற்கு மேல் இன்னொரு பாலிதீன் கவர். நடுவே அந்துருண்டை. பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. 'பிரிச்சா காத்துப் பட்டுடும்' என்று அப்புறம் தொடவே இல்லை.

புதுச்சேரிக் காற்றில் டப்பாவுக்குள் இருக்கும் உப்பே நசநசத்துப் போகும். பாலிதீனுக்குள் மாட்டிய ஈரம் எங்கே போகும்? ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் பூசணம் பூத்திருக்கிறது. சோற்றுக் கஞ்சி என்றால் கரப்பானுக்குக் கல்யாணச் சாப்பாடு. மினுமினுவென்று ஓடுமே வெள்ளிப் பூச்சி, அதற்கும் அதே பந்திதான். கவர் எந்த இடத்தில் கிழிந்திருந்ததோ தெரியவில்லை, ஓரமெல்லாம் அரித்துத் தின்றிருந்தன. மடிப்பு விழுந்த இடங்களில் துணி முறிந்திருந்தது. கிழியவில்லை… முறிந்திருந்தது. வருஷக்கணக்கில் ஒரே கோட்டில் மடித்து வைத்த காகிதம் எப்படி இருக்கும்? அப்படி.

"மலருகிட்ட உண்மைய சொல்லிடு" என்றேன்.

"என்னான்னு சொல்லுவேன்? நம்பிக் குடுத்துட்டுப் போனா. அப்பா அவளுக்குன்னு வச்சது அது ஒண்ணுதான். இங்க இருந்த எனக்கு வீடு இருக்கு, அப்பா ஒக்காந்த நாற்காலி இருக்கு. அவளுக்கு இன்னா இருக்கு?"



"உன்னோட போர்வை எங்க?" என்று கேட்டேன், எதையாவது கேட்க வேண்டுமே என்று.

"மாடில காயுது."

போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நிறமெல்லாம் மங்கி, தொட்டால் பூ மாதிரி இருந்தது.

இதை அவள் வைத்திருந்த லட்சணம் வேறு! பையன் பிறந்தபோது இதில்தான் படுத்தான். அவனுக்கு அம்மை போட்டபோதும் இதுதான் விரிப்பு. கரண்ட் போனால் மொட்டைமாடிக்கு இதுதான் போகும். ஒரு புயலில் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வந்தபோது இதைத்தான் சுருட்டி அடைத்தாள். அழுக்கானால் சாதா சோப்பில் அலசிப் போடுவாள், முறுக்கிப் பிழிகிற அளவுக்குப் பொறுமை கிடையாது. மாடியில் வெயில் விழும் இடத்தையெல்லாம் மிளகாயும் வடகமும் பிடித்துக்கொள்வதால் போர்வைக்கு நிழல்தான் மிச்சம். மடிப்பது யார் கையில் அகப்படுகிறதோ அவர்கள் இஷ்டம். ஒருநாள் நீளவாக்கில், ஒருநாள் குறுக்கில், ஒருநாள் வெறும் சுருட்டல்.

கொடியில் தொங்கியதை விரல் வைத்துப் பார்த்தேன். விஜயாவின் அப்பா போட்ட தையல் அத்தனை நெருக்கம். ஒரு வரிசைக்கும் இன்னொரு வரிசைக்கும் நடுவே கட்டை விரல்தான் நுழையும். அதனால் உள்ளே இருந்த வேட்டி எந்தப் பக்கமும் சுருண்டு ஒதுங்கவில்லை. துணியும் பருத்தி, நூலும் பருத்தி. ஒன்றையொன்று அறுக்கவில்லை.

பத்திரப்படுத்தியது பாழாய்ப் போயிற்று. பாடாய்ப் படுத்தியது பிழைத்துக்கொண்டது. என்ன சொல்ல?

பின்னாலேயே வந்த விஜயா கொடியைப் பார்த்தபடி நின்றாள். "சுகந்தி… இதையே மலரோடதுன்னு குடுத்துடறேன். ரெண்டும் ஒண்ணு போலத்தானே? அவளுக்குத் தெரியாது."

"அப்ப உனக்கு?"

"எனக்கு இன்னாத்துக்கு?" என்றாள். ஆனால் கை மட்டும் கொடியில் இருந்த போர்வையை விடவில்லை.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்குத் தங்கச்சி இல்ல, உனக்குத் தெரியாது" என்று ஒரே வரியில் என் வாயை அடைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. மலரும் வந்தாள். "நீயும் கூட இரு" என்று விஜயா என்னிடம் முதலிலேயே சொல்லி வைத்திருந்தாள். வஞ்சிரம் குழம்பு, வறுவல், ரசம் என்று பெரிய சாப்பாடு. மலர் பிரெஞ்சையும் ரெட்டியார்பாளையத்தையும் சேர்த்துப் பிசைந்து பேசுவாள், கேட்கவே நன்றாக இருக்கும். பேத்தியின் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். விஜயா ஒவ்வொன்றையும் பார்த்தாள். எதையும் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும் முதல் கேள்வியே, "அக்கா, போர்வ?"

விஜயா தன் போர்வையை நன்றாகத் துவைத்து, அழகாக மடித்துத் தயாராக வைத்திருந்தாள். மலர் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். கட்டிலில் போட்டு விரித்தாள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

போர்வையின் நட்ட நடுவே காக்கித் துணியில் ஒரு பெரிய ஒட்டு! விஜயாவின் வீட்டுக்காரர் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. என்றோ கிழிந்த இடத்துக்கு அவருடைய பழைய யூனிஃபார்ம் பேன்ட்டை வெட்டி வைத்துத் தைத்திருக்கிறாள். வருஷக்கணக்கில் தினமும் பார்த்துப் பார்த்து, அது அங்கே இருப்பதே அவள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. மாடியில் மடித்துத் தொங்கியதால் என் கண்ணிலும் படவில்லை.

மலர் காக்கியைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"நம்ம அப்பா எப்பக்கா செக்யூரிட்டி வேலைக்குப் போனாரு?"

விஜயா காக்கி ஒட்டைக் கையால் மூடினாள்.

"இது உன்னோடது. என்னோடது எங்க?"

பீரோ திறந்தது. பாலிதீன் கவர் வெளியே வந்தது. மலர் அதைப் பிரித்தபோது துணி மொடமொடவென்று சத்தம் போட்டது. "மோ தியே!" என்று பிரெஞ்சில் ஒரு தடவை கடவுளைக் கூப்பிட்டாள், அவ்வளவுதான், அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகை கொஞ்ச நேரம்தான். அடுத்து கோபம்.

"பத்திரமா வச்சிருன்னுதானே சொன்னேன்? கொழந்தைய பத்திரமா பாத்துக்கன்னு சொன்னா பொட்டில வச்சிப் பூட்டுவியா? நீ போத்திக்கிட்டு இருக்கக் கூடாதா? உன் பையன் மூத்தரம் பேஞ்சிருந்தாக்கூட நான் கேட்டிருப்பேனா?"

"உனக்குன்னு வச்சதுல என் காலு படக் கூடாதுன்னு நெனச்சேன் மலரு…"

"சரி, கஞ்சி எதுக்குப் போட்ட? போர்வைக்கு யாராவது கஞ்சி போடுவாங்களா?"

"அப்பாதான் சொல்லுவாரு… கஞ்சி குடிச்சாதான் நூலு அறுவாதுன்னு. எவ்ளோ தடவ சொல்லிருக்காரு! உன்னுது அறுந்துடக் கூடாதுன்னுதான்…"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுடைய அப்பா மில்லில் பார்த்த வேலையே பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதுதான். தறியில் ஏறி இழுபடும் நூல் அறுந்து போகாமல் இருக்க அதற்குக் கஞ்சி ஊட்ட வேண்டும். அந்த செக்‌ஷனிலேயே காலத்தைக் கழித்தவர். வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதானாம்.

மலரின் கோபம் அப்படியே நின்றது.

"அக்கா… தறியில ஓடற வரைக்கும்தான் கஞ்சி. துணியானதும் மொத வேலையா அலசி எடுத்துடணும், இல்லன்னா பூச்சி தின்னுடும்னு சொல்லுவாரே. எப்பவும் சேத்துத்தானே சொல்லுவாரு? நீ பாதிதான் கேட்டியா?"

விஜயா தங்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அப்பா பக்கத்துல ஒக்காந்து சாப்புடுவ. நான் ரசம் எடுக்க உள்ள போயிருப்பேன்."



வாசகர்களே, எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க விரும்பவில்லை. வீட்டுக்கு மூத்த பெண்ணாகப் பிறந்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பரிமாறுகிறவள் எந்தப் பேச்சை முழுதாகக் கேட்டிருக்கிறாள்? ஜோக்கின் ஆரம்பம் கிடைக்கும், சிரிப்பு சமையல்கட்டுக்குள் கேட்கும். அப்பா சொன்னதில் பாதி இவளிடம் இருந்தது. மீதி பாதி பிரான்சில் இருந்தது. இரண்டு பாதியும் ஒரே கட்டிலில் உட்கார இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மலர்தான் முதலில் அசைந்தாள். நகர்ந்து வந்து அக்காவின் தோளில் தலையை வைத்துக்கொண்டாள். "சே பா கிராவ்க்கா… வுடு, பரவால்ல. இப்ப அலசிடலாம். தொட்டி எங்க?"

அலசினார்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அந்த விறைத்த போர்வையை மெதுவாக அமுக்கியதும் தண்ணீர் சோறு வடித்த மாதிரி வெள்ளையாக வந்தது. ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர். மறுபடி வெள்ளை. தண்ணீர் தெளிகிற வரை அக்காவும் தங்கையும் குனிந்த தலை நிமிரவில்லை. நான் கொடியைத் துடைத்து வைத்தேன். எழுதுகிறவளுக்கு அந்த வேலைதான் கொடுத்தார்கள்.

மறுநாள் காய்ந்ததும் விரித்துப் பார்த்தோம். ஓரம் போனது போனதுதான். மடிப்புக் கோடுகள் எல்லாம் இற்றுப் போயிருந்தன. ஆனால் ஒரு மடிப்புக்கும் இன்னொரு மடிப்புக்கும் நடுவே இருந்த சதுரங்கள்? பூசணக் கறை அங்கங்கே இருந்தாலும் துணி மெத்தென்று இருந்தது. இழுத்தாலும் கிழியவில்லை. கஞ்சி போனதும் மூச்சு வந்த மாதிரி நிறம்கூட எழுந்து வந்திருந்தது.

விஜயா அந்தச் சதுரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தன் போர்வையின் காக்கி ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்போதுதான் கவனம் வந்தது. காக்கி கல் மாதிரி அப்படியே இருந்தது. அதைச் சுற்றியிருந்த பழைய துணிதான் மறுபடி விட்டுப் போயிருந்தது. முரட்டுத் துணியை நைந்த துணியோடு சேர்த்துத் தைத்தால், துவைக்கத் துவைக்க அது இதை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டையை அடைக்க வைத்ததே ஓட்டையைப் பெரிசாக்கும். பலம் என்று நினைத்து நாம் வைக்கிறது எல்லாம் பலம் இல்லை போலிருக்கிறது.

"மலரு, ரெண்டும் ஒரே வயசு" என்றாள் விஜயா.

"என்னாக்கா?"

"இந்தத் துணியும் அந்தத் துணியும். அப்பா ஒரே நாள்ல வெட்னது. இத அதுல வச்சா இழுக்காது இல்ல?"

மலர் எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

அந்த வாரம் முழுக்க பகல் பொழுதெல்லாம் எதிர்வீட்டில்தான் கிடந்தேன். காக்கியைப் பிரித்தோம். மலரின் போர்வையிலிருந்து நல்ல சதுரங்களை வெட்டி எடுத்து, விஜயாவின் போர்வையில் நைந்த இடத்துக்கெல்லாம் வைத்தார்கள். நைந்து நூல்நூலாகத் தொங்கிய ஓரத்துக்குப் புதுசாக ஒரு பருத்திப் பட்டி. எந்தப் போர்வைக்கும் முதலில் போவது ஓரம்தான். அதை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்தால் நடுவில் இருப்பது நீடிக்கும். ஊசியில் நூல் கோக்கும் வேலை எனக்கு. கண்ணாடியைப் போட்டும் நூல் போகவில்லை, கழற்றியும் போகவில்லை. "நீ காபி போடு போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

போர்வை தயாரானது. மங்கிய நிறத்துக்கு நடுவே புது நிறமாகச் சதுரங்கள். அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது.

அடுத்த சண்டை உடனே ஆரம்பித்தது.

"இது உன் போர்வைக்கா. நான் எப்படி எடுத்துட்டுப் போவேன்?"

"பாதி உன்னுதுடி."

"அப்ப பாதிய வெட்டித் தா!"

இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் பேத்திதான் ஜெயித்தாள். பெட்டியில் வைக்கப் பார்த்தால் மூட முடியவில்லை. போர்வை ஒரு பக்கம், அதற்குப் பக்கத்தில் மலரின் வீட்டுக்காரருக்கென்று நாலைந்து கவர் போட்டுச் சுற்றிய கருவாடு. இரண்டில் ஒன்றுதான் போகும். மலர் கொஞ்சமும் யோசிக்காமல் கருவாட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அவரு கேட்டா ஏர்போர்ட்ல புடுங்கிட்டாங்கன்னு சொல்லிக்கறேன்." அந்த மனிதர் இந்தப் பத்தியைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கருவாட்டுக் குழம்பு பிரமாதம்.

விஜயாவுக்கு? வெட்டியது போக மிஞ்சிய சதுரங்களைச் சேர்த்து மலர் கிளம்புவதற்குள் ஒரு சின்ன விரிப்பு தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிசு. இவள் இதையும் பீரோவில் வைத்துப் பூட்டுவாளோ என்று எனக்கு உள்ளூரக் கவலைதான். அன்று சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். அதை ஹாலில் விரித்துப் போட்டு, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து என் பீரோவைத் திறந்தேன். 'விருந்தாளி வந்தால்' என்று எடுத்து வைத்திருந்த படுக்கை விரிப்பை உதறி எங்கள் கட்டிலில் போட்டேன். "யார் வர்றாங்க?" என்று பதறினார் வீட்டுக்காரர். "நாமதான் வந்திருக்கோம்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விஜயா மறுபடி என் வாசலில் வந்து நின்றாள். கையில் செல்போன். இந்தத் தடவை யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. மலர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை முழு சத்தத்தில் வைத்தாள்.

"அக்கா, பாப்பா போர்வைய நனைச்சிட்டா! அலசிக் காயப்போட்டுட்டேன். கஞ்சி போடலக்கா!"

ஒரு வார்த்தை விடாமல் முழுசாகக் கேட்டாள் விஜயா. கேட்டு முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.

நனைத்துவிட்டாளா? அப்படியென்றால் அந்தப் போர்வைக்குக் கெட்டி ஆயுசு!